தசமப் புள்ளியை யார் வைப்பது? கால்குலேட்டர் சண்டையின் கதை

பள்ளிக் கணக்குக்கு மாணவர்கள் கால்குலேட்டரை நம்பலாமா, கூடாதா? பட்டிமன்றத்திலும் கட்டுரைப் போட்டியிலும் அடித்துத் துவைத்துக் காயப்போட்ட தலைப்பு இது. ஒரு அணி "மூளை மழுங்கிவிடும்" என்று சொல்லும். எதிரணி "காலத்துக்கு ஏற்ப மாற வேண்டாமா?" என்று கேட்கும். நடுவர் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

ஆனால் இந்தச் சண்டைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. எலக்ட்ரானிக் கால்குலேட்டர் பிறப்பதற்கு முன்னூறு வருடங்களுக்கு முன்பே இதே வாதங்கள், கிட்டத்தட்ட இதே கோபத்தோடு, நடந்திருக்கின்றன. அந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து பார்த்தால் பட்டிமன்றத்தில் யாரும் கேட்காத ஒரு கேள்வி வெளியே வரும். கணக்குப் போடுவது என்பது பல சின்ன வேலைகள் சேர்ந்தது. அதில் எந்த வேலையைக் கருவியிடம் கொடுத்துவிடலாம், எதைக் கொடுக்கவே கூடாது?

காகிதக் கணக்குக்கே தடை!

கால்குலேட்டரை எதிர்ப்பவர்கள் "பேப்பரில் போட்டுப் பழகு" என்பார்கள். அந்தப் பேப்பர் கணக்கே ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சந்தேகத்துக்குரிய புதுமையாக இருந்தது.

இந்தியாவில் பிறந்த பத்து எண்குறிகளும் அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போயின. 1202ல் பீசா நகரத்து லியோனார்டோ, அதாவது ஃபிபொனாச்சி, இந்த எண்களை வைத்து வியாபாரக் கணக்குப் போடுவது எப்படி என்று ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அதுவரை அங்கே வணிகர்கள் கணக்குப் பலகையில் காய்களை நகர்த்திக் கூட்டிக் கழித்து, விடையை ரோமன் எண்ணில் எழுதி வைப்பார்கள்.

புதிய முறை சுலபமானதுதான். இருந்தாலும் 1299ல் ஃப்ளோரன்ஸ் நகரத்து நாணயமாற்று வணிகர் சங்கம், கணக்குப் புத்தகத்தில் இந்த எண்களை எழுதக்கூடாது என்று விதி போட்டது. 0ஐ ஒரு சுழி சுழித்தால் 6 ஆகிவிடும், 9 ஆகிவிடும். மோசடிக்கு வழி என்ற பயம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்றைக்கும் காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோமே!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த வணிகர்கள் கணக்குத் தெரியாத முட்டாள்கள் இல்லை. பழைய முறையில் இருந்த ஏதோ ஒரு பாதுகாப்பு புதிய முறையில் காணாமல் போகிறது என்று நினைத்தார்கள். பிற்காலத்து எதிர்ப்பாளர்கள் பலரும் சொன்னது இதைத்தான்.

கருவியைச் செய்தவரே எதிர்த்த கதை

1614ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் மடக்கை முறையை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றிவிடும் வித்தை அது. ஹென்றி பிரிக்ஸ் அதைப் பத்தடிமானத்துக்கு மாற்றி 1617லும் 1624லும் அட்டவணைகள் வெளியிட்டார். நம் பள்ளிகளில் "லாக் புத்தகம்" என்று சொல்கிறோமே, அதன் மூதாதை இவைதான்.

இதே மடக்கை அளவுகளை இரண்டு சட்டங்களில் பொறித்து, ஒன்றை மற்றொன்றின் மேல் நகர்த்தினால் அட்டவணையே தேவையில்லை, விடையை நேராகப் படித்துவிடலாம் என்று 1620களில் கண்டுபிடித்தவர் வில்லியம் ஆட்ரெட். இங்கிலாந்தில் ஆல்பரி என்ற ஊரில் பாதிரியாராக இருந்தவர். பெருக்கலுக்கு × என்ற குறியைப் புழக்கத்தில் விட்டவரும் இவர்தான். வீட்டுக்கு வரும் மாணவர்களுக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஸ்லைடு ரூல் என்ற அந்தக் கருவியைச் செய்தாரே தவிர, ஆட்ரெட் அதைப் பல வருடங்கள் வெளியே சொல்லவே இல்லை. 1630ல் லண்டனில் கணக்கு ஆசிரியராக இருந்த ரிச்சர்டு டெலமைன் என்பவர், வட்ட வடிவ ஸ்லைடு ரூல் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆட்ரெட்டின் கருவி பற்றிய நூல் அவருடைய மாணவர் வில்லியம் ஃபார்ஸ்டர் மூலமாக 1632ல்தான் வெளிவந்தது. யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவருக்கும் பெரிய சண்டை மூண்டது.

அந்தச் சண்டைக்குள் இன்னொரு சண்டையும் இருந்தது. கருவியை யாரிடம், எப்போது கொடுப்பது? முதலில் கணிதத்தின் காரண காரியங்கள் புரிய வேண்டும், அதன் பிறகே கருவி என்றார் ஆட்ரெட். கருவியிலிருந்து தொடங்கும் ஆசிரியர்கள் மாணவர்களைக் கணித அறிஞர்களாக ஆக்குவதில்லை, கைவித்தை காட்டுபவர்களாகத்தான் ஆக்குகிறார்கள் என்று கடுமையாகவே எழுதினார். டெலமைனுக்கு இது சுருக்கென்று பட்டது. அவரிடம் படித்தவர்களில் பெரிய மனிதர்கள் பலர். அவர்களுக்குத் தத்துவம் முழுவதையும் படிக்க நேரமில்லை, நிலம் அளக்கவும் கணக்குப் பார்க்கவும் விடை வேண்டும். அவர்களுக்குக் கருவியைக் கொடுப்பதில் என்ன தவறு என்பது அவர் பக்கம்.

தேதியை மறைத்துவிட்டுப் படித்தால் 1980களின் கால்குலேட்டர் விவாதம் என்றே தோன்றும். இத்தனைக்கும் இங்கே "முதலில் கருவி வேண்டாம்" என்று சொல்பவர் கருவியைக் கண்டுபிடித்தவர்! கருவி அவருக்குப் பிடிக்காமல் இல்லை. எந்த வரிசையில் கற்பது என்பதுதான் அவருடைய கவலை.

கருவி செய்யாத ஒரு வேலை

லாக் புத்தகத்திலும் ஸ்லைடு ரூலிலும் ஒரு விசேஷம் உண்டு. இரண்டுமே வேலையை முழுதாகச் செய்து தராது.

உதாரணமாக 23.4ஐ 5.67ஆல் பெருக்க வேண்டும். லாக் புத்தகத்தில் 234க்கு நேராக 3692 என்றும், 567க்கு நேராக 7536 என்றும் இருக்கும். புள்ளிக்கு முன்னால் வரும் எண்ணைப் புத்தகம் தராது. 23.4 என்பது பத்துக்கும் நூறுக்கும் இடையில் இருக்கிறது, அதனால் 1, 5.67 ஒன்றுக்கும் பத்துக்கும் இடையில் இருக்கிறது, அதனால் 0 என்று மாணவர்தான் போட வேண்டும். 1.3692ஐயும் 0.7536ஐயும் கூட்டினால் 2.1228. எதிர்மடக்கை பார்த்தால் 1327 என்ற இலக்கங்கள் கிடைக்கும். முன்னால் 2 இருப்பதால் விடை 132.7. அந்த முன்னெண்ணில் தவறு செய்தவர் 13.27 என்றோ 1327 என்றோ எழுதுவார். மார்க் போய்விடும்.

ஸ்லைடு ரூலும் இப்படித்தான். 1, 3, 3 என்கிற மாதிரி இலக்கங்களைக் காட்டும், புள்ளி எங்கே என்று சொல்லாது. "சுமார் 20ஐ 6ஆல் பெருக்கினால் 120, ஆகவே விடை நூற்றுச் சொச்சம்" என்று பயன்படுத்துபவர் மனதில் போட்டுப் பார்த்தே தீர வேண்டும். பாலங்களும் விமானங்களும் இப்படித்தான் வடிவமைக்கப்பட்டன. அப்போலோ விண்வெளிப் பயணங்களில்கூட பிக்கெட் நிறுவனத்தின் ஸ்லைடு ரூல் பையில் இருந்தது.

அதாவது பெருக்கும் வேலையைக் கருவி எடுத்துக்கொண்டது. விடை எவ்வளவு பெரியது என்று ஊகிக்கும் வேலை மனிதரிடமே இருந்தது. யாரும் உத்தமமாகத் திட்டமிட்டு அப்படி வைக்கவில்லை; அந்த வேலையைச் செய்யக் கருவிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் குறைபாடு முன்னூறு வருடங்களுக்கு மேல் ஒரு நல்ல பழக்கத்தைக் காப்பாற்றியது.

சட்டைப் பைக்கு வந்த இயந்திரம்

1967ல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி, ஜெர்ரி மெர்ரிமேன், ஜேம்ஸ் வான் டாசல் மூவரும் கையில் பிடிக்கும் அளவு கால்குலேட்டர் ஒன்றின் மாதிரியைச் செய்து முடித்தார்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும் செய்யும்; விடையைக் காகித நாடாவில் அச்சிடும். 1972ல் ஹியூலட் பேக்கார்டு நிறுவனத்தின் ஹெச்பி-35 வந்தது. சைன், காஸ், லாக் எல்லாம் ஒரு பொத்தானில்! அதன் விலை 395 டாலர். மாணவர்கள் கடை ஜன்னலில் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவே. ஆனால் 1976ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-30 ஏறக்குறைய அதே வேலைகளை 24.95 டாலருக்குச் செய்தது. நான்கே வருடத்தில் விலை பதினாறில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிட்டது.

ஸ்லைடு ரூல் தொழில் ஏறக்குறைய அப்படியே படுத்துவிட்டது. மூன்று நூற்றாண்டுகள் ஆண்ட ஒரு கருவி பத்து வருடத்துக்குள் அருங்காட்சியகப் பொருளானது.

புதிய கருவி எட்டு இலக்கம், பத்து இலக்கம் என்று துல்லியமாக விடை தந்தது. கூடவே தசமப் புள்ளியையும் அதுவே வைத்தது. எல்லோரும் வேகத்தைப் பற்றிப் பேசினார்கள். மனிதரிடம் மிச்சமிருந்த அந்த ஒரு வேலையும் சத்தமில்லாமல் கைமாறியதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை.

அமெரிக்காவில் மறியல்

1975ல் அமெரிக்காவில் ஒரு தேசியக் குழு, எட்டாம் வகுப்பு முடிவதற்குள் எல்லா மாணவர்களுக்கும் கால்குலேட்டர் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1980ல் அந்நாட்டுக் கணித ஆசிரியர்களின் தேசிய மன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லா வகுப்புகளிலும் கால்குலேட்டரையும் கணினியையும் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னது. நீளமான வகுத்தலுக்கு மாதக்கணக்கில் செலவழிக்கும் நேரத்தை, சிக்கல்களை யோசித்துத் தீர்ப்பதற்குச் செலவழிக்கலாமே என்பது அவர்கள் வாதம்.

எல்லா ஆசிரியர்களும் இதை ஏற்கவில்லை. 1986ல் வாஷிங்டனில் அந்த மன்றத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தபோது, வெளியே பதாகை பிடித்து மறியல் செய்தவர்களும் கணக்கு ஆசிரியர்களே! அவர்களில் முக்கியமானவர் ஜான் சாக்சன். விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்று ஆசிரியரானவர். திரும்பத் திரும்பப் பயிற்சி என்பதை அடிப்படையாக வைத்துப் பாடநூல்கள் எழுதியவர். மூளைக்குப் பயிற்சி கொடுத்த பிறகு பொத்தானை அழுத்தலாம் என்பது மறியல்காரர்களின் கோரிக்கை. கவனித்தால் இது ஆட்ரெட்டின் குரலேதான்.

1990களில் இது பாடத்திட்டம் முழுவதையும் பற்றிய பெரும் சண்டையாக வளர்ந்தது. "கணிதப் போர்கள்" என்றே அதற்குப் பெயர் வந்தது.

ஆய்வுகள் என்ன சொல்லின?

ரே ஹெம்ப்ரீ, டொனால்ட் டெஸார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986ல், அதுவரை நடந்த 79 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வழக்கமான பாடத்தோடு சேர்த்துக் கால்குலேட்டர் பயன்படுத்திய சராசரி மாணவர்களுக்குக் காகிதத்தில் கணக்குப் போடும் திறமை குறையவில்லை என்று தெரிந்தது. ஒரே ஒரு விதிவிலக்கு நான்காம் வகுப்பு. அங்கே மட்டும் தொடர்ந்த கால்குலேட்டர் பயன்பாடு அடிப்படைத் திறமையைப் பாதிப்பதாகத் தெரிந்தது. பெருக்கலும் வகுத்தலும் மனதில் படிய வேண்டிய வயது அது என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

2003ல் ஏமி எலிங்டன் 54 ஆய்வுகளைத் தொகுத்தார். பாடம் நடத்தும்போதும் தேர்விலும் கால்குலேட்டர் இடம்பெற்றால் மாணவர்களின் திறமை கூடுகிறது என்பது அவருடைய முக்கியமான முடிவு. 2008ல் அமெரிக்க அரசின் கணித ஆலோசனைக் குழு, இருக்கும் ஆய்வுகளின்படி பெரிய பாதிப்பும் இல்லை, பெரிய பலனும் இல்லை, இன்னும் தரமான ஆய்வுகள் தேவை என்றது. ஆனால் சரளமாகக் கணக்குப் போடும் திறமை உருவாவதைக் கால்குலேட்டர் தடுக்கும் அளவுக்கு அது கெடுதல்தான் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தது.

ஆக "மூளை மழுங்கிவிடும்" என்ற அணிக்கு ஆதாரம் பலமாக இல்லை. "எல்லா வயதிலும் கொடுக்கலாம்" என்ற அணிக்கும் முழு வெற்றி இல்லை.

இதைவிட யோசிக்க வைப்பது 1980ல் ராபர்ட் ரீஸ் என்ற பேராசிரியரின் குழு செய்த ஒரு சோதனை. தோராயமாக மதிப்பிடுவதில் கெட்டிக்காரர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் ஒரு கால்குலேட்டரைக் கொடுத்தார்கள். வேண்டுமென்றே தப்பான விடை காட்டும்படி அமைக்கப்பட்ட கால்குலேட்டர் அது! தவறின் அளவும் கணக்குக்குக் கணக்கு கூடிக்கொண்டே போனது. முதலில் தங்கள் மதிப்பீட்டைச் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினார்கள். அப்படியும் பலர், தாங்கள் சொன்னதற்கும் திரையில் வந்ததற்கும் இடையில் இருந்த பெரிய வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, இயந்திரம் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இது தேர்வு மார்க்கோடு நிற்கிற விஷயம் இல்லை. மருந்தின் அளவைக் கணக்கிடும்போது ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால், நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போகும். மருத்துவத்தில் இது நன்றாகத் தெரிந்த ஆபத்து. அங்கே நிற்பவருக்கு "இது என்ன, இவ்வளவு வராதே?" என்று தோன்ற வேண்டும். அந்தச் சந்தேகம் தோன்றுவதற்குக் கால்குலேட்டரில் பொத்தான் கிடையாது.

இங்கிலாந்து செய்து பார்த்த பரிசோதனை

இங்கிலாந்தில் 1982ல் வெளிவந்த காக்ராஃப்ட் அறிக்கை பள்ளிக் கணிதம் பற்றிய முக்கியமான அரசு ஆவணம். அதில் கால்குலேட்டரையும் கணினியையும் பற்றி ஒரு அத்தியாயம் உண்டு. அதன் தொடர்ச்சியாக 1986 முதல் 1989 வரை, ஹிலரி ஷூவர்ட் என்ற கல்வியாளர் தலைமையில் சில தொடக்கப் பள்ளிகளில் துணிச்சலான ஒரு திட்டம் நடந்தது. ஆறு வயதுக் குழந்தைகளிடமே கால்குலேட்டரைக் கொடுத்துவிட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கட்டம் போட்டுக் கூட்டுவது, கடன் வாங்கிக் கழிப்பது போன்ற வழக்கமான எழுத்து முறைகளை ஆசிரியர்கள் சொல்லித் தரக்கூடாது. அதற்குப் பதிலாக மனக்கணக்குக்கு மிகுந்த முக்கியத்துவம்.

கேட்டால் பகீர் என்று இருக்கும். ஆனால் 1990களில் கென்னத் ரத்வென் அந்தப் பள்ளிகளின் மாணவர்களை ஆராய்ந்தபோது, அவர்கள் மற்ற பள்ளிப் பிள்ளைகளைவிட அதிகமாக மனக்கணக்கைத்தான் நாடுகிறார்கள் என்று தெரிந்தது. கால்குலேட்டரோடு வளர்ந்த பிள்ளைகள் கால்குலேட்டரைக் குறைவாக நாடினார்கள்! கருவியைக் கொடுத்தது மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. கூடவே மனக்கணக்கை விடாமல் வளர்த்ததும் காரணம்.

பிறகு காற்று திசை மாறியது. பதினொரு வயதில் எழுதும் தேசியத் தேர்வில் ஒரு தாளுக்குக் கால்குலேட்டர் அனுமதி இருந்தது. 2014 முதல் அது நீக்கப்பட்டது. 2012ல் அந்த முடிவை அறிவித்தவர் அப்போது கல்வித் துறையில் இளைய அமைச்சராக இருந்த எலிசபெத் டிரஸ். 2022ல் சில வாரங்கள் பிரதமராக இருந்தாரே, அவரேதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பன்னாட்டுக் கணிதத் தேர்வுகளில் முன்வரிசையில் நிற்கும் சிங்கப்பூர், அதே காலத்தில் நேர்எதிராகப் போனது. அங்கே தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் 2009 முதல் கால்குலேட்டரை அனுமதித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனையோடு. முதல் தாள் கால்குலேட்டர் இல்லாமல், இரண்டாம் தாள் கால்குலேட்டரோடு.

முடிவு செய்தது தேர்வு அறை

அறிக்கைகளும் ஆய்வுகளும் எவ்வளவு வந்தாலும், வகுப்பறையில் கால்குலேட்டரின் தலைவிதியை எழுதியது தேர்வு விதிதான். தேர்வில் அனுமதி உண்டு என்றால் ஆசிரியர் சொல்லிக் கொடுப்பார். இல்லை என்றால் பைக்குள் வை என்பார்.

அமெரிக்காவின் ஏபி நுண்கணிதத் தேர்வில் 1983, 1984 ஆகிய இரண்டு வருடங்கள் கால்குலேட்டரை அனுமதித்துவிட்டுப் பிறகு நிறுத்தினார்கள். 1995ல் வரைபடம் வரையும் கால்குலேட்டர் கட்டாயம் என்றே ஆக்கினார்கள். இன்று அந்தத் தேர்வில் கால்குலேட்டர் உள்ள பகுதி, இல்லாத பகுதி என்று இரண்டும் உண்டு. கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வில் 1994ல் அனுமதி வந்தது. 2016ல் கால்குலேட்டர் இல்லாத பகுதி ஒன்றைத் தனியாகச் சேர்த்தார்கள். அமெரிக்காவில் 2024ல் அந்தத் தேர்வு முழுக்கக் கணினிக்கு மாறியபோது அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, தேர்வுத் திரைக்குள்ளேயே கால்குலேட்டரை வைத்துவிட்டார்கள்.

இப்படி முன்னும் பின்னும் ஆடியதில் ஒரு நியாயமான பிரச்சனையும் இருந்தது. பணம். வரைபடக் கால்குலேட்டர் விலை அதிகம். வாங்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் ஒரே தேர்வு எப்படி? திரைக்குள்ளேயே எல்லோருக்கும் ஒரே கால்குலேட்டர் என்பது அந்தக் கேள்விக்காவது ஒரு பதில்.

நம் ஊர் விஷயம்

தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிகளில் ஐந்து வயதுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று வரிசையாக மனப்பாடம். முழு எண்களின் வாய்ப்பாடு மட்டும் போதாது. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), அரைக்கால் (1/8) போன்ற பின்னங்களின் வாய்ப்பாடும் வாயில் வர வேண்டும். இன்றைய பத்தாம் வகுப்பு மாணவருக்கே தலை சுற்றும்!

ஆங்கிலேயர் காலத்தில் இதை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒதுக்கினார்கள். இந்தக் கல்வி முறையை விரிவாக ஆராய்ந்து 2022ல் நூலாக வெளியிட்ட செந்தில் பாபு போன்ற ஆய்வாளர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. நிலம் அளப்பது, நெல் அளப்பது, கூலி பிரிப்பது என்று ஊரில் தினமும் நடக்கும் கணக்குகளோடு அந்த மனப்பாடம் பின்னிக் கிடந்தது. அங்கே நினைவாற்றல் என்பதே கற்கும் வழியாக இருந்தது என்பது அவர் முன்வைக்கும் பார்வை. ஒரு களத்து நெல் எத்தனை கலம் வரும் என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் ஊரில், விடை தப்பாக வந்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்று நிலைமை என்ன? சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் பொதுவாகக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கும் பிளஸ் டூ இயற்பியலில் லாக் புத்தகம்தான் துணை. அதே மாணவர் பொறியியல் கல்லூரியில் சேர்ந்ததும் முதலில் வாங்கும் பொருட்களில் ஒன்று சயின்டிஃபிக் கால்குலேட்டர். கேட் தேர்வில் 2016 முதல் திரையிலேயே கால்குலேட்டர் இருக்கிறது.

அதாவது பன்னிரண்டாம் வகுப்பு வரை பூரணத் தடை, பதின்மூன்றாம் வருடம் முதல் பூரண சுதந்திரம். நடுவில் படிக்கட்டே கிடையாது. கால்குலேட்டரை எப்போது எடுப்பது, எப்போது எடுக்காமல் இருப்பது, வந்த விடையை எப்படிச் சந்தேகப்படுவது என்று சொல்லித் தர ஒரு பாடவேளைகூட ஒதுக்கப்படுவதில்லை. லாக் புத்தகம் வைத்திருந்தவரை புள்ளியைத் தானே வைத்துப் பழகிய மாணவர், அடுத்த வருடம் அந்தப் பழக்கத்தையும் புத்தகத்தோடு சேர்த்துப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுகிறார்.

என்ன செய்யலாம்?

வரலாறு காட்டும் வழி கடினமானது இல்லை. பெருக்கலும் வகுத்தலும் படிகிற வயதில், அதாவது தொடக்கப் பள்ளியில், கால்குலேட்டர் அவசரமில்லை. வாய்ப்பாடு வாயில் வரட்டும். அதற்குப் பிறகு உயர்நிலைப் பள்ளியில் சிங்கப்பூர் செய்ததைப் போல ஒரு தாள் கருவி இல்லாமல், ஒரு தாள் கருவியோடு வைக்கலாம்.

இன்னொன்று, விலையே இல்லாதது. பொத்தானைத் தொடுவதற்கு முன் தோராய விடையை எழுதும் பழக்கம். 48ஐ 12.5ஆல் பெருக்க வேண்டுமா? 50ஐ 12ஆல் பெருக்கினால் 600, ஆகவே 600 பக்கத்தில் வரும் என்று ஓரத்தில் எழுதிவிட்டு அழுத்தலாம். புள்ளியை அழுத்த மறந்து திரையில் 6000 வந்தால், எழுதியவர் நின்று பார்ப்பார். எழுதாதவர் அப்படியே விடைத்தாளில் இறக்கிவிடுவார். ரீஸ் சோதனையில் மதிப்பிட்டவர்களே இயந்திரத்திடம் தோற்றதால், எழுதுவது மட்டும் போதாது. திரையோடு ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி போட்டுப் பார்க்கும் துணிச்சலும் பழக வேண்டும். அந்த ஓரத்து வரிக்குத் தேர்வில் ஒரு மார்க் வைத்தால் போதும், எல்லா வகுப்பறையிலும் மறுநாளே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். தேர்வு அறைக்கு அந்தச் சக்தி உண்டு என்பதைத்தான் மேலே பார்த்தோமே.

இலக்கங்களை இயந்திரம் கொடுக்கட்டும், தவறில்லை. தசமப் புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு மாணவரிடமே இருக்கட்டும்.